மே மாதத்தில் கோவா: கைக்குழந்தையோடும் சர்க்கரை நோயுள்ள மாமனாரோடும் போகலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். மே இரண்டாவது வாரம் குடும்பத்தோடு தெற்கு கோவாவில் பெனோலிம் கடற்கரைப் பக்கம் ஐந்து நாள் தங்கலாம் என்று அறை பதிவு செய்திருக்கிறோம். பெங்களூரு, ஹூப்ளி வழியாகக் காரில் போகிறோம். பெரியவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 5 மாதம், தாய்ப்பால்தான் குடிக்கிறாள். மாமனாருக்கு 68 வயது. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம். காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். மாமியாருக்கு மூட்டுவலி மட்டும்தான். குழந்தைகளுக்கு எந்த சன்ஸ்கிரீன் வாங்கலாம்? மாமனாரை அழைத்துப்போகலாமா? என்னென்ன மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். மாமனாரையும் அழைத்துப்போங்கள். நீங்கள் முதலில் கேட்டிருக்கும் சன்ஸ்கிரீனை நான் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். இந்தப் பயணத்தில் அதிகத் திட்டமிடல் தேவைப்படுவது உங்கள் மாமனாருக்கு. அடுத்து, கடலில் இறங்கப்போகும் உங்கள் மகனுக்கு.

முதலில் வெயிலைப் பற்றி. சேலத்தில் மே மாதம் 38, 39 டிகிரி பார்த்துப் பழகியவர்களுக்குக் கோவாவின் 33, 34 டிகிரி பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வியர்வை கொட்டுமே தவிர, எளிதில் ஆவியாகாது. தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு மட்டும் இறங்காது. அதனால் காலை 11 மணிக்குள் கடற்கரையிலிருந்து அறைக்குத் திரும்பிவிடுங்கள். மாலை 4 மணிக்குப் பிறகு மறுபடி போகலாம். மதியத்தில் சாப்பாடு, தூக்கம், அறைக்குள் விளையாட்டு. ஐந்து நாளும் இந்த ஒழுங்கை விடாமல் பிடித்தாலே பாதிப் பிரச்சினைகள் வராது.

இப்போது மாமனார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய வழக்கமான மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டி, ‘வெயில் ஊருக்குப் போகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் ‘எச்’ என்ற எழுத்தில் முடிந்தால், பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் அதுவும் சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றும். இவற்றோடு வெயில் வியர்வையும் சேர்ந்தால், உட்கார்ந்து எழும்போது தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. வாந்தி பேதி வந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். நீர்பிரிக்கும் மாத்திரை, டெல்மிசார்ட்டான் வகை இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், மேலே சொன்ன சர்க்கரை மாத்திரைகள் எல்லாமே உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கோ இரத்தத்தின் அமிலநிலைக்கோ சிக்கல் தரக்கூடியவை. ‘வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்தவேண்டும், எதைத் தொடரவேண்டும்’ என்பதை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை முழுதாக நிறுத்துவதும் கூடாது.

இன்சுலினுக்கு வருவோம். பிரிக்காத பேனாவும் குப்பியும் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். உபயோகத்தில் இருப்பதை வெளியே 30 டிகிரிக்குள் வைத்தால், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். உங்களுக்குச் சிக்கல் காரில்தான் வரும். சாப்பிட இறங்கும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு மளமளவென்று ஏறும். அங்கே இன்சுலினை விட்டுவிட்டுப் போனால் வீரியம் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. சின்ன ஃபிளாஸ்க் அல்லது குளிர்ப்பையில் ஐஸ் வைத்து, இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாதபடி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். அந்தப் பை காரைவிட்டு இறங்கும்போதெல்லாம் உங்கள் கையோடு வரட்டும். ஹோட்டல் அறையின் சின்ன ஃபிரிட்ஜில் வைத்தால், உறைபகுதிக்குப் பக்கத்தில் வேண்டாம், கதவுப் பக்கம் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வெயிலில் தோலுக்கு இரத்த ஓட்டம் அதிகமாவதால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். மணலில் நடப்பதும் நல்ல உடற்பயிற்சி. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தாழ்சர்க்கரையின் முதல் அறிகுறி வியர்வை, படபடப்பு, சோர்வு. கடற்கரையில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, எல்லோரும்தான் சோர்ந்திருக்கிறார்கள். ‘வெயில்தான் காரணம்’ என்று நிழலில் படுக்கவைத்துவிடுவார்கள், சர்க்கரை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். குளுக்கோமீட்டர் கடற்கரைப் பையிலேயே இருக்கட்டும். நடக்கப்போகும் முன்பும், வந்த பிறகும், சந்தேகம் வந்தாலும் ஒரு சொட்டு பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் குளுக்கோஸைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. மீட்டரும் பட்டைகளும்கூட வெயிலில் கிடந்தால் தப்பாகக் காட்டும், நிழலில் வையுங்கள்.

அப்புறம் கால். பத்து வருடச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மதியம் மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். நமக்குச் சுரீரென்று சுட்டுக் காலைத் தூக்குவோம், அவருக்குத் தெரியாது. கோடை விடுமுறை முடிந்து கிளினிக்குக்கு வருபவர்களில் இப்படிச் சிலரைப் பார்க்கிறேன். உள்ளங்காலில், கட்டைவிரலுக்கு அடியில், நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து சிவந்திருக்கும். ‘வலிக்கவே இல்லை டாக்டர், செருப்பில் ஈரம் பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது’ என்பார்கள். அதில் கிருமி புகுந்தால் விரலையே இழக்கும் நிலை வரலாம். அதனால் கடலில் கால் நனைக்கும்போதுகூட மாமனார் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. பின்பட்டை உள்ள, காலைவிட்டுக் கழலாத ரப்பர் செருப்பு வாங்கிக்கொடுங்கள். தினமும் இரவு நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் துடைத்து, உள்ளங்காலை நீங்களோ மாமியாரோ விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிப்பி கீறியிருந்தால் சின்னக் கீறலானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? இதய, சிறுநீரகப் பிரச்சினை இல்லையென்றால் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது குடிக்கட்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று அர்த்தம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்ட்டான் வகை மாத்திரையோடு சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி. சரியாக இருந்தால் நாளுக்கு ஒரு இளநீர் குடிக்கலாம், அதன் சர்க்கரையையும் கணக்கில் வைத்துக்கொண்டு.

யாராவது வெயிலில் குழறிப் பேசினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). பாராசிட்டமால் அதற்கு வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கோவாவிலும் அதே எண்தான். உங்கள் பக்கத்துப் பெரிய அரசு மருத்துவமனை மட்காவில் உள்ள தெற்கு கோவா மாவட்ட மருத்துவமனை.

இப்போது பெரியவன். நீங்கள் கேட்காவிட்டாலும் கடலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கோவாவில் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே மே மாதத்தில் கடல் முரடாக ஆரம்பித்துவிடும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கால் வைக்கக்கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர் பார்வையில் மட்டும் இறங்குங்கள். மாலையில் அவர்கள் பணி முடிந்து போய்விட்டால் குளியலும் முடிந்தது. அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் பல நேரம் நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். ‘இங்கே அலை குறைவு, பிள்ளைக்கு நல்லது’ என்று அங்கே இறக்கிவிடாதீர்கள். பெரியவர்கள் யாராவது அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து கையைத் தூக்கி உதவி கேட்கவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம்.

மூழ்கும் குழந்தை கத்தாது. சினிமாவில் வருவதுபோல் கையை அடித்துக்கொண்டு ‘காப்பாத்துங்க’ என்று சொல்ல அதற்கு மூச்சு இருக்காது. சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே மகன் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கவேண்டும், அவர் கையில் போன் இருக்கக்கூடாது. ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை. இந்த அரைமணி அப்பா, அடுத்த அரைமணி நீங்கள் என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். காற்றடைத்த வளையத்தை நம்பவேண்டாம், கரைக்காற்று அதைப் பிள்ளையோடு உள்ளே தள்ளிவிடும். ஹோட்டல் நீச்சல்குளத்திலும் இதே கவனம் வேண்டும்.

ஜெல்லிமீன் கொட்டினால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், சிறுநீர் விடும் வைத்தியமும் வேண்டாம். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில், 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். அந்தச் சூட்டை மாமனார் கையால் சோதிக்கவேண்டாம், நீங்கள் பாருங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் நேராக மருத்துவமனை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நீலநிறப் பலூன் போன்ற உயிரியை மகன் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்த பிறகும் அது கொட்டும். கடற்கரை நாய்களைத் தடவவும் விடாதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போய்விடுங்கள்.

சின்னவளுக்குத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், இளநீர் எதுவும் தேவையில்லை. தாய்ப்பாலே அவளுக்குத் தாகத்தையும் தீர்க்கும். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், நீங்களும் நிறையத் தண்ணீர் குடியுங்கள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று குழந்தை வண்டியைக் கனத்த துணியால் மூடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். குடை நிழலில், மெல்லிய பருத்திச் சட்டையோடு மடியில் வைத்திருங்கள். வேர்க்குரு வந்தால் பவுடர் கொட்டாமல் குளிர்ந்த நீரில் துடைத்துக் காற்றாட விடுங்கள். ஆறு மணிநேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லையென்றாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்கவேண்டாம். கார் நின்றால் அவளும் காரைவிட்டு இறங்கவேண்டும், ஐந்து நிமிடமானாலும். ஏசி ஓடுகிறதே என்ற சமாதானமும் வேண்டாம். இரவில் கொசுவலை கட்டாயம்.

சன்ஸ்கிரீன் சின்னவளுக்கு வேண்டாம், ஆறு மாதம் முடியும்வரை நிழலும் உடையும் போதும். பெரியவனுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் விளிம்புள்ள தொப்பியும் வாங்குங்கள். எந்த விலையுயர்ந்த களிம்பையும்விட அது நன்றாகக் காக்கும். மீதியுள்ள முகம், கழுத்து, காலுக்கு எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். 30-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தாராளமாகப் பூசுவதுதான் முக்கியம். வெளியே போகும் 15, 20 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்து துடைத்த பிறகும் மறுபடி பூசுங்கள். நாம் கறுப்பு நிறம்தானே என்று விட்டுவிடவேண்டாம். நம் தோலும் வெந்துபோகும், கொஞ்சம் தாமதமாக.

மருந்துப் பையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அவசியம். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்கவேண்டும், பாதி பாதியாக அல்ல. அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானங்களில் சர்க்கரை அதிகம். தரநிலை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவிட்டிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அவை வேண்டாம். குழந்தைகளின் எடைக்கேற்ற பாராசிட்டமால், வாந்தி மாத்திரை, வெப்பமானி, காயத்துக்குக் களிம்பு, இடுக்கி, மாமனாரின் மருந்துகள் தேவையைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக, மருந்துச் சீட்டின் நகலோடு. மாமியாருக்கு வலி மாத்திரை எடுத்துவைத்தால் அதை மாமனாருக்குப் பகிரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வெயிலில், நீர்பிரிக்கும் மாத்திரையோடு, டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருவரும் நாலு எட்டு நடக்கட்டும், அவர் காலுக்கும் நல்லது, அவர் மனைவியின் மூட்டுக்கும் நல்லது. மீன் சூடாகச் சமைத்து வந்தால் சாப்பிடலாம். வேகாத சிப்பியும் சாலையோர ஐஸும் இந்த முறை வேண்டாம்.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கோவா போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெங்கு, மலேரியா இரண்டுக்கும் சேர்த்து அவர் இரத்தம் பார்ப்பார்.