எட்டாவது நகர்த்தலில் ராணி போன ஆட்டம்

அன்புள்ள சார்,

ஹங்கேரி வீராங்கனை ஜூடிட் போல்கர், முன்னாள் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஏழாம் வகுப்பில் இருக்கும் என் மகளிடம் கொடுத்தேன். காரைக்குடிக்கு செஸ் வகுப்புக்குப் போய்வருகிறாள். பட்டாலையில் போர்டை விரித்து, அவள் ஐயாவோடு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் நகர்த்திப் பார்த்தாள். "எட்டாவது மூவ்லயே ராணி ரெண்டும் போயிருச்சு. ஒரு சேக்ரிஃபைஸ்கூட இல்ல. இதுல என்னம்மா இருக்கு?" என்கிறாள். என் மாமனாரோ, "ரேபிட் ஆட்டம்தானே, அன்னைக்கு அவனுக்கு நேரம் சரியில்ல, அம்புட்டுத்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு விளையாடத் தெரியாது. மாவட்டப் போட்டி வருகிறது. அவளை ஆண், பெண் எல்லோரும் ஆடும் ஓப்பனில் சேர்ப்பதா, பெண்கள் பிரிவில் சேர்ப்பதா என்றும் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி (பெயர் போட வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள ஆச்சி,

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அது ரேபிட் ஆட்டம்தான். 2002 செப்டம்பரில் மாஸ்கோவில் ரஷ்ய அணியும் உலக அணியும் மோதின. ஆளுக்கு 25 நிமிடம். உலக அணி 52-48 என்று ஜெயித்தது. காஸ்பரோவிடம் போல்கர் அதற்கு முன் பலமுறை தோற்றவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1994இல் லினாரெஸில் காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, மறுபடி தூக்கி வேறு கட்டத்தில் வைத்தார். தொட்ட காய் விதிப்படி அது செல்லாது. போல்கருக்கு அப்போது 17 வயது. போர்டில் அவர் வாய் திறக்கவில்லை, ஆட்டத்தையும் தோற்றார். கை விட்டது பிற்பாடு டிவி படப்பதிவில் தெரிந்தது.

ஆனால் 'நேரம் சரியில்லை' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரம் சரியில்லாதவர் ஒரே நகர்த்தலில் ஒரு காயைக் கோட்டைவிடுவார். இந்த ஆட்டத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காஸ்பரோவ் நெரிபடுகிறார்.

தோதான திறப்பு, அதாவது தொடக்க நகர்த்தல்களின் திட்டம், இல்லாமல் வந்து உட்கார்ந்தவரும் அல்ல. அன்று கறுப்பில் ஆடிய அவர் எடுத்தது பெர்லின் தடுப்பு என்ற திறப்பு. 2000இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ரஷ்ய வீரர் கிராம்னிக் அதே பெர்லினை வைத்துத்தான் இவரைத் தடுத்தார். அந்தப் போட்டியில் காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. 15 வருடப் பட்டம் போயிற்று. தன்னால் உடைக்க முடியாத பூட்டைத்தான் போல்கருக்கு எதிராகப் போட்டுப் பார்த்தார்.

இனி உங்கள் மகளுக்கு. வேண்டுமென்றே காயைப் பலிகொடுக்கும் சேக்ரிஃபைஸ் இல்லைதான், தாயி. வேறொன்று இருக்கிறது. போர்டை மறுபடி அடுக்கி, கறுப்பின் ராணிப் பக்கத்து யானையை மட்டும் பார். 29 நகர்த்தல்வரை அது வைத்த இடத்திலேயே நிற்கிறது. எட்டாவதில் ராணியை ராஜாவாலேயே வெட்ட வேண்டியிருந்ததால், ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தும் 'கோட்டை கட்டும்' உரிமை போய்விட்டது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது, யானைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. 18ஆவதில் வெள்ளைக் குதிரை எஃப்5 கட்டத்தில் ஏறி உட்கார்ந்ததும் கறுப்பு பிஷப் எங்கே போகிறது பார்: ஆட்டம் தொடங்கும்போது இருந்த கட்டத்துக்கே. அவ்வளவு நேரம் சுற்றிவிட்டு மறுபடி வீட்டுக்கு!

24ஆவதில் பொறுக்க முடியாமல் காஸ்பரோவ் பிஷப்பைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்டுகிறார். அடுத்த நகர்த்தலில் இ5இல் இருந்த வெள்ளைச் சிப்பாயையும் எடுக்கிறார். அங்கே வந்து நிற்கும் கறுப்புச் சிப்பாயை போல்கர் உடனே பிஷப்பால் வெட்டியிருக்கலாம். செய்யவில்லை. அதுவரை மூலையில் கிடந்த தன் இரண்டாவது யானையை முதலில் இ1க்குக் கொண்டுவருகிறார். பர்மாவில் லேவாதேவி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கடன்காரன் ஊரைவிட்டு ஓட முடியாது என்று தெரிந்துவிட்டால், அசலைக் கேட்டு அவசரமாக ஓட வேண்டாம். ஒரு நகர்த்தல் கழித்து அந்தச் சிப்பாய் போல்கர் கைக்கு வருகிறது. முப்பதாவதில் அதே யானை இ6இல் ஏறுகிறது. அப்போதுதான் கறுப்பின் அந்த ராணிப் பக்கத்து யானை முதல் முறையாக அசைகிறது.

பிறகு காஸ்பரோவ் யானையால் செக் மேல் செக் வைக்கிறார். வெள்ளை ராஜா பின்வாங்காமல் நடு போர்டில் இ4வரை ஏறிப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கடைசியில் இரண்டு வெள்ளை யானைகளும் ஏழாம் வரிசையில். 42ஆவதில் ஜி7 சிப்பாய் போனதும், கறுப்பு ஆசைப்பட்டு எஃப்2 சிப்பாயை எடுத்திருந்தால் பி8இல் மேட். ராணி போய்விட்டால் மிரட்டல் இல்லை என்று யார் சொன்னது? காஸ்பரோவ் ராஜாவை நகர்த்திவிட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். உலகின் முதல் நிலை வீரரைப் போட்டி ஆட்டத்தில் ஒரு பெண் வென்றது அதுதான் முதல் தடவை. பெண்களுக்குப் போராடும் குணம் குறைவு என்ற பொருளில் பேசிவந்தவர் காஸ்பரோவ். ராணிகள் இல்லாத, அலுப்பூட்டும், பொறுத்துப் பொறுத்து இழுக்க வேண்டிய ஆட்டத்தில்தான் தோற்றார். அந்தக் கருத்தைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓப்பனா, பெண்கள் பிரிவா என்பதில் போல்கரை அப்படியே காப்பியடிக்கச் சொல்ல மாட்டேன். அவர் 1988 செஸ் ஒலிம்பியாடில் ஹங்கேரியின் பெண்கள் அணியில் ஆடித் தங்கம் வாங்கியவர். உலகப் பெண்கள் பட்டத்துக்கு மட்டும் போட்டியிடவே இல்லை. 1991இல், 15 வயதில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து கிராண்ட்மாஸ்டர் ஆனார். உச்சத்தில் உலகின் எட்டாம் இடம். நம் வைஷாலி 2023இல் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் முதலிடம் வந்தவர், அவரும் கிராண்ட்மாஸ்டர்தான். வழி ஒன்றே ஒன்று இல்லை.

என் யோசனை: மாவட்ட அளவில் ஓப்பனில் சேருங்கள். எதிரில் உட்காருபவர்கள் அதிகம், விதவிதமாக ஆடுவார்கள். மாநிலத் தேர்வு என்று வரும்போது பெண்கள் பிரிவு. அங்கே இடம் கிடைத்தால்தான் அடுத்த வாசல் திறக்கும். முதல் இரண்டு சுற்றில் தோற்றுவிட்டு வந்தால் பிரிவை மாற்றுவதைப் பற்றி அன்றிரவே பேச வேண்டாம். எழுதிய ஸ்கோர் ஷீட்டை மட்டும் தொலைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.