ஜீன்ஸ் 34தான், ஆனா வயித்துச் சுத்தளவு 101

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 38, உயரம் 168 சென்டிமீட்டர், நிறை 76 கிலோ, கந்தோர் வேலை, காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் கதிரையிலதான். போன மாசம் ஸ்கேன் எடுத்ததில ஈரல்ல கொழுப்பு இருக்கு எண்டு வந்திருக்கு, வெறும் வயித்தில பாத்த சீனி 112. "கை கால் எல்லாம் மெலிவுதான் டொக்டர், வண்டி மட்டுந்தான் வச்சிருக்கு, ஜீன்ஸ் இன்னும் 34தான் போடுறன், வயித்தில கட்டுற பெல்ட் ஒண்டு ஒன்லைன்ல பாத்தன், வாங்கட்டா? சோத்த முழுசா விடணுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதல்ல அந்த ஜீன்ஸ் கணக்க விடுங்க. வண்டி வச்ச பிறகு ஜீன்ஸ் வண்டிக்குக் கீழ இறங்கிரும், அதனால 34 எண்டுறது உங்கட இடுப்பெலும்பிட அளவு, வயித்திட அளவு இல்ல. தையல் டேப்ப எடுங்க, விடிய சாப்பிட முதல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில சுத்திப் பிடிங்க, வயித்த எக்காம மூச்ச சாதாரணமா விட்டுட்டு அளங்க. இப்பிடி அளந்து அனுப்பச் சொன்னன், 101 சென்டிமீட்டர் எண்டு வந்திருக்கு. எங்கட தெற்காசிய ஆக்களுக்கு ஆம்பிளைக்கு 90, பொம்பிளைக்கு 80 தாண்டினா கவனிக்கணும். இன்னொரு லேசான கணக்கும் இருக்கு, வயிறு உயரத்தில பாதிக்குள்ள இருக்கணும், உங்களுக்கு அது 84.

இப்ப ஒரு விசயம் செய்து பாருங்க. நிண்டுகொண்டு வயித்துத் தோல ரெண்டு விரலால கிள்ளுங்க, விரலுக்குள்ள பிடிபடுறது தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு, அதால பெரிய கரைச்சல் இல்ல. கிள்ளினா கொஞ்சந்தான் பிடிபடுது, ஆனா வண்டி முன்னுக்குத் தள்ளிக் கெட்டியா நிக்குது எண்டா கொழுப்பு உள்ளுக்க, குடலையும் ஈரலையும் சுத்தி இருக்கு. அந்தக் கொழுப்பு சும்மா கிடக்கிறதில்ல, அதில இருந்து கொழுப்பமிலம் கழண்டு குடல்ல இருந்து ஈரலுக்குப் போற இரத்தக் குழாய் வழியா நேர ஈரலுக்குப் போகுது, ஈரல்ல கொழுப்பு படியுது, மறுகா இன்சுலின் எவ்வளவு சுரந்தாலும் ஈரலும் தசையும் அத மதிக்கிறதில்ல, சீனி ஏறுது, டிரைகிளிசரைட் எண்ட இரத்தக் கொழுப்பு கூடுது, நல்ல கொலஸ்ட்ரோல் குறையுது, பிறஷரும் சேந்து வருது. உங்கட 112 சீனி வருத்தம் இல்ல, ஆனா அதுக்கு வாசப்படி. கை கால் மெலிவு எண்டு நீங்க ஆறுதல் பட்டீங்களே, அதுதான் எனக்குக் கவலை, ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு நிறை பெருசா கூடாமலே உள்ளுக்க கொழுப்பு சேருது.

பெல்ட் வேணாம். அது வேர்வையத்தான் எடுக்கும், தண்ணி குடிச்சதும் போன நிறை திரும்பி வந்திரும். சிட்அப் அடிச்சா வயித்துத் தசை பலப்படும், அதுக்கு மேல இருக்கிற கொழுப்பு அந்த இடத்தில மட்டும் கரையாது, உடம்பு எங்க இருந்து எடுக்கணும் எண்டு அதுவாத்தான் முடிவெடுக்கும். நல்ல செய்தி என்னெண்டா நிறை குறையத் தொடங்கினா அந்த உள்க்கொழுப்புத்தான் கெதியாக் கரையுது, நடக்கத் தொடங்கின ஆக்களுக்குத் தராசு அசைய முதலே டேப் குறையுறதும் உண்டு.

சோத்த விடத் தேவல்ல தம்பி. வெள்ளாமைப் பூமியில பிறந்திட்டு சோறில்லாம எத்தின நாளைக்கு இருப்பீங்க, பத்து நாள் இருந்திட்டு பதினோராம் நாள் ரெண்டு மடங்கு சாப்பிடுவீங்க. மாத்த வேண்டியது கோப்பையிட பங்கு. இப்ப முக்கால்வாசி சோறு, ஓரத்தில ஒரு துண்டு மீன், கரண்டி நுனியில சுண்டல். அத மாத்தி, முதல்ல பாதிக் கோப்பைக்கு முருங்கையில, பொன்னாங்காணி, வல்லாரை, பயத்தங்காய் எண்டு ஏதாவது மரக்கறி போடுங்க, கால் பங்குக்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால் பங்குதான் சோறு. கூனிச் சுண்டலும் நல்லது, தேங்காப்பூவ மட்டும் குறைக்கச் சொல்லுங்க. சிவப்பரிசிதானே எண்டுட்டு கூடப் போட வேணாம், தவிட்டோட இருக்கிறதால நல்லதுதான், ஆனா அதுவும் சோறுதான். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் இதே கணக்கு. ராவைக்கு பத்து மணிக்கு கொத்து ரொட்டி சாப்பிடுறத வாரத்தில ஒரு நாளாக்குங்க, அதையும் பங்கு போட்டுச் சாப்பிடுங்க.

தேத்தண்ணியத்தான் நான் பெருசாச் சொல்லுவன். ஒரு நாளைக்கு அஞ்சு தரம், ஒவ்வொண்டுக்கும் மூணு தேக்கரண்டி சீனி எண்டு எழுதியிருக்கீங்க, அது பதினஞ்சு கரண்டி, 60 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமளவில நிப்பாட்டினா நல்லது எண்டு சொல்லுது. இந்தக் கிழமை மூண்ட ரெண்டாக்குங்க, அடுத்த கிழமை ஒண்டு, நாக்கு பழகிரும். தேத்தண்ணியோட வாற ரோல்ஸும் பணிஸும் அதோட சேந்து போகணும். தயிர விடச் சொல்லமாட்டன், சீனியும் பாணியும் இல்லாம ஒரு சின்னக் கிண்ணம் காணும்.

நடைக்கு உங்களுக்குக் கடற்கரை பக்கத்திலயே இருக்கு, வெயில் ஏற முதல் அரை மணித்தியாலம், கிழமையில அஞ்சு நாள். கதைக்க ஏலும் ஆனா பாட ஏலாது, அந்த வேகத்தில நடக்கணும். கிழமையில ரெண்டு நாளைக்கு கதிரையில இருந்து கை பிடிக்காம எழும்பி இருக்கிற பயிற்சி, சுவர்ல கை வச்சுத் தள்ளுறது, இதுவே தசைக்குக் காணும். குடிக்கிற பழக்கம் இருந்தா ஈரல்ல கொழுப்பு இருக்கும்போது நிப்பாட்டுங்க. நித்திரையில பெரிய குறட்டையும் பகல்ல தூக்கமும் இருந்தா டொக்டரிட்ட கட்டாயம் சொல்லுங்க.

இதெல்லாம் வேல செய்யுமா எண்டு யோசிச்சா, 2002ல அமெரிக்காவில சீனி எல்லையில இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கள வச்சு ஆராய்ச்சி செய்து வெளியிட்டாங்க. நிறையில 7 சதவீதம் குறைக்கிறது, கிழமைக்கு 150 நிமிச நடை, இந்த இலக்கோட போன ஆக்களுக்கு சீனி வருத்தம் வாறது 58 சதவீதம் குறைஞ்சுது, சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற மெட்ஃபோமின் குளிசை எடுத்தவங்களுக்கு 31தான். உங்களுக்கு 7 சதவீதம் எண்டா அஞ்சு கிலோ சொச்சம், கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல அவசரப்பட வேணாம்.

ஒண்ட மட்டும் மறக்க வேணாம். வயிறு சில கிழமைக்குள்ள திடீரெண்டு வீங்கினா, கால் வீங்கினா, கண் மஞ்சளானா அது கொழுப்பில்ல, நடையப் பிறகு பாக்கலாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாள், விடிய, டேப் அளவ கலண்டர்லயே எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு வெறும் வயித்துச் சீனி, ரெண்டு மூணு மாசத்துச் சராசரிச் சீனியக் காட்டுற எச்பிஏ1சி, டிரைகிளிசரைட், ஈரல் டெஸ்ட் நாலையும் திரும்ப எடுத்திட்டு பழைய ரிப்போட்டோட சேத்து அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாப்பம்.