குழந்தை பெற்ற பெண் கொல்லையில் போய் உட்காரலாமா?

தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது, அடிக்கடி அழுகிறாள், கொல்லையிலோ ஆற்றங்கரையிலோ சிறிது நேரம் உட்கார்ந்தால் மனம் தேறுமா, பச்சை உடம்பில் காற்றுப் படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உட்கார வையுங்கள். ஆனால் அந்த நேரத்தில் குழந்தை வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

வலங்கைமான் பக்கத்தில், குடமுருட்டிக் கரையிலுள்ள தாய்வீட்டில்தான் நான் பிள்ளைபெற்று இருந்தேன். ஆவணி மாதம். பத்தியச் சாப்பாடும் பிரசவ லேகியமும் நேரம் தவறாமல் வந்தன. ஆனால் ஜன்னி கண்டுவிடும் என்ற பயத்தில் ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணிப் புகை போட்ட அறையில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் அம்மாச்சி என் காதைச் சுற்றித் துணியைக் கட்டி, "பிள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போயி வாய்க்காலப் பாத்துக்கிட்டுச் சித்த நேரம் உக்காரு" என்று கொல்லைக்கு அனுப்பினார். புங்கமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்வதையும் கொக்குகள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே அங்கும் அழுதேன். எனினும் அன்றிரவு, இரண்டு பாலூட்டலுக்கு இடையில், பல நாட்களுக்குப் பிறகு ஆழ்ந்து தூங்கினேன்.

இதற்குக் காரணங்கள் உண்டு. காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடலின் உறக்க விழிப்புக் கடிகாரத்தைச் சீராக்குகிறது. இருட்டறையில் அது தடுமாறும். அத்துடன், குழந்தையின் மூச்சைக்கூட உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் கவனம் ஓய்வின்றிக் களைத்துவிடுகிறது. ஓடும் நீரும் அசையும் இலையும் முயற்சியில்லாமல் நம்மை ஈர்ப்பதால் களைத்த கவனம் இளைப்பாறுகிறது என்று உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த இளைப்பாறல் பாதிகூடக் கிடைக்காது என்பது என் அனுபவம்.

மூன்று வாரம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. பிரசவத்தை ஒட்டி வரும் சாதாரண அழுகையும் மனச்சோர்வும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 22 சதவீதத் தாய்மாருக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டது. அதைக் கொல்லைக் காற்று மட்டும் குணமாக்காது. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் அவளுக்கு வந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சிகிச்சையோடு, காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் வெளியில் உட்காரட்டும். தையல் ஆறும்வரை வழுக்கும் வரப்பிலும் படித்துறையிலும் இறங்க வேண்டாம். மாலையில் உட்கார்ந்தால் அந்திக்கு முன்பே, கொசு வருவதற்குள், உள்ளே வந்துவிட வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் காற்றுக்குப் பயந்தால் காதுக்குத் துணி கட்டிவிடச் சொல்லுங்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, அவர்களும் சமாதானமாகி, நீங்கள் கேட்காமலேயே குழந்தையை வாங்கிக்கொள்வார்கள்.