கேள்வி – பதில்: செட்டிநாட்டுக்கு ரயில் வந்த கதை

கேள்வி: எங்கள் வீட்டுப் பர்மா தேக்குத் தூண்கள் செட்டிநாடு ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவை என்று அப்பத்தா சொல்வார்கள். வீடு கட்டியது 1910ஐ ஒட்டி. இது பொருந்துமா? – வாசகி, கானாடுகாத்தான்.

பதில்: பொருந்தாது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல்தான் வந்தது. அங்கிருந்து திருமயம், செட்டிநாடு, காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரை வரை நீண்டது 1930இல். உங்கள் ஊரிலேயே 1912இல் எழுந்த செட்டிநாடு அரண்மனை, பக்கத்தில் ரயில் ஓடக் காண்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. எனவே அந்தக் காலத்து வீடுகளுக்கான தேக்கு கப்பலில் வந்து இறங்கிய பின், கடைசித் தொலைவையேனும் மாட்டு வண்டியில்தான் கடந்திருக்க வேண்டும். 1902இல் திறந்த மதுரை – மண்டபம் பாதையும் மானாமதுரை, பரமக்குடி என்று தெற்கே ஒதுங்கிப் போய்விட்டதால், ரயிலில் வந்த சரக்குக்கும் வண்டிப் பயணம் தப்பியிருக்காது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு போல 1940களில் கட்டியவற்றுக்கு வேண்டுமானால் அப்பத்தாவின் கதை பொருந்தலாம்.

இவ்வளவு செல்வம் குவிந்த சீமைக்கு ரயில் ஏன் இத்தனை தாமதமாக வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்கத்தக்கது அதுதான். தஞ்சையைப் போல் மூட்டை மூட்டையாக நெல் ஏற்றி அனுப்பும் பூமி அல்ல இது. இங்குள்ள செட்டியார்களின் வட்டித்தொழில் வரவு ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தது. போதாக்குறைக்கு, பாதை புதுக்கோட்டை சமஸ்தானத்தைக் கடந்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. என் கணிப்பில், சரக்கைவிட ஆட்களுக்கே இந்தப் பாதை அதிகம் பயன்பட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, இலங்கைக்குப் போன முதலாளி, கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாள், கடைநிலைப் பெட்டியடிப் பையன் வரை எல்லோரும் உள்ளூரிலேயே ரயிலேறி, மானாமதுரை வழியாக, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் கப்பல் பிடிக்க முடிந்தது. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வட்டித்தொழிலை உலுக்கிய அதே ஆண்டுகளில்தான் ரயிலும் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, தொழிலின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. செல்வத்தை ரயில் கொண்டுவந்தது என்று பேசுவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

கேள்வி: தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் ஊரைவிட்டு இவ்வளவு தள்ளி இருப்பது ஏன்? – வாசகர், தேவகோட்டை.

பதில்: பாதை காரைக்குடியிலிருந்து கல்லல் வழியாகச் சிவகங்கையை நோக்கித் தென்மேற்கே போகிறது, தேவகோட்டையோ கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. ஆகவே ஊருக்குப் போகும் சாலையைப் பாதை தொடும் இடத்தில் நிலையத்தை அமைத்தார்கள்.

கேள்வி: காரைக்குடி – அறந்தாங்கி பாதையும் 1930இல் வந்ததுதானா? – வாசகர், காரைக்குடி.

பதில்: இல்லை. அதன் வரலாறு வேறு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் ரயில் விட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்கென நிலவரியோடு சேர்த்து மக்களிடம் தனி வரி வசூலித்தார்கள். அந்தப் பாதை 1902இல் பட்டுக்கோட்டையையும் 1903இல் அறந்தாங்கியையும் எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. அறந்தாங்கி அப்போது தஞ்சை ஜில்லாவின் தென்கோடி. தன் ஜில்லாவில் தண்டிய பணத்தை அடுத்த ஜில்லாவில் தண்டவாளமாக்க எந்தப் போர்டுக்கும் மனம் வந்திருக்காது என்பதே எனக்குத் தோன்றும் காரணம். முப்பது கிலோமீட்டர் அளவே எஞ்சியிருந்த இடைவெளி, சுதந்திரத்துக்குப் பின் 1952இல்தான் இணைக்கப்பட்டது.

திருச்சி – மானாமதுரை பாதை 2008 வாக்கில் அகலப் பாதையாகிவிட்டது. திருவாரூரிலிருந்து அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வரும் இந்தப் பாதைக்கோ அந்த வேலை 2019 வரை இழுத்தது. முடிந்த பிறகும், கேட் கீப்பர்கள் போதாமல், ரயிலிலேயே ஆட்களை ஏற்றிச் சென்று ஒவ்வொரு லெவல் கிராஸிங்கிலும் இறங்கி மூடித் திறக்க வைத்ததால், சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க முதலில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று.