பனிச்சறுக்குக்கு எங்கே போவது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் குரோம்பேட்டையில் இருக்கிறோம். நானும் கணவரும், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், மாமியாரும். மாமியாருக்கு 66 வயது. மூட்டு வலி உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தக் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். ஸ்ரீநகர், குல்மார்க், பஹல்காம், சோன்மார்க், ஐந்து இரவு ஆறு பகல், ‘ஸ்கீயிங் உட்பட’ என்று ஒரு பேக்கேஜ் கொடுத்தார்கள். என் தம்பியோ, “போனால் சுவிட்சர்லாந்து போ, இல்லையென்றால் பேசாமல் வீட்டில் இரு” என்கிறான். கொடைக்கானல் குளிரைத் தாண்டி எதையும் பார்க்காதவர்கள் நாங்கள். எங்கே போகலாம், எங்கே தங்கலாம்? மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? வெயிலிலேயே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் வருமா?

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

அந்த பேக்கேஜை முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலைக்காகச் சொல்லவில்லை, அதில் பனிச்சறுக்கே இல்லை. ஆறு நாளில் நான்கு ஊர் என்றால் குல்மார்க்குக்குக் கிடைப்பது ஒரு பகல். காலையில் ஸ்ரீநகரில் கிளம்பி, மலையடிவார ஊரான தங்மார்க்கில் வண்டி மாறி, வாடகைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். கேபிள் கார் வரிசையும் சாப்பாடும் போக மிஞ்சும் நேரத்தில் ஒருவர் வந்து உங்கள் காலில் பலகையை மாட்டி, இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போவார். போட்டோ எடுத்துக் கொடுப்பார். ‘ஸ்கீயிங் உட்பட’ என்றால் இவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் கேட்பது இதை இல்லையே.

முதல் நாள் முழுக்கப் பலகையோடு நிற்பது, நடப்பது, பக்கவாட்டில் விழுவது, எழுந்திருப்பது இவற்றிலேயே போகும். அடுத்து, பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது இதை ‘பீட்சா’ என்பார்கள். அது கைவந்த பிறகுதான் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சட்டென்று ஒரு கணத்தில் உடம்புக்குப் பிடிபட்டுவிடும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரமே வந்துவிடும். அந்தக் கணத்துக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவதுதான் நம் ஊர் டூர்களின் பெரிய குறை. எந்த ஊர் என்பதைவிட ஒரே ஊரில் ஐந்து நாளாவது தங்குவது முக்கியம். நல்ல ஆசிரியர் வேண்டும், பழகும் சரிவு தங்குமிடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு குல்மார்க்தான் என் முதல் சிபாரிசு. பஹல்காமையும் சோன்மார்க்கையும் அழித்துவிட்டு எல்லா நாளையும் குல்மார்க்குக்கே கொடுங்கள். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவுகள் ஊர் மைதானத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலே இழுத்துவிடச் சிறிய லிப்ட் உண்டு. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் குல்மார்க்குக்கு வருவது கொண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதற்காக. அது தேர்ந்தவர்களின் இடம். அங்கே தடம் போட்டுச் சமன்செய்த சரிவு குறைவு, பனிச்சரிவு அபாயம் உண்டு. நன்றாகச் சறுக்கத் தெரிந்த வெளிநாட்டினரே 2023, 2024 பிப்ரவரி மாதங்களில் அங்கே பனிச்சரிவில் இறந்திருக்கிறார்கள். எவ்வளவு ஆசை காட்டினாலும் பலகையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆசிரியர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். குல்மார்க்கிலும் தங்மார்க்கிலும் பிறந்து, நடக்கப் பழகிய வயதிலேயே சறுக்கப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துப் பையன்தான். பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு ஆசிரியர், உங்கள் இருவருக்கும் ஒருவர், ஐந்து நாளும் அதே ஆட்கள் என்று ஊரிலிருந்தே பேசி வைத்துவிடுங்கள். மைதானத்தில் வந்து மொய்ப்பவர்களிடம் அன்றன்றைக்குப் பேரம் பேசினால் தினமும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குவீர்கள்.

எப்போது போவது என்பதில்தான் சென்னைக்காரர்களுக்குச் சிக்கல். அரையாண்டு விடுமுறையில் போனால் பனி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காஷ்மீரில் சில்லாய் கலான் என்னும் கடுங்குளிரின் நாற்பது நாள் டிசம்பர் 21-ல்தான் தொடங்குகிறது. நல்ல பனி சேர ஜனவரி பாதியாவது ஆகும். அதுவும் இப்போதெல்லாம் தள்ளிப்போகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் பழுப்புப் புல்லாகக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துப் போகலாம், பிப்ரவரி முதல் பாதி இன்னும் நல்லது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில் இல்லாத பிள்ளைகள்தானே, ஒரு வாரம் பள்ளியில் லீவு கேளுங்கள். சனி ஞாயிறைச் சேர்த்து ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சகஜம்.

தங்குவதற்கு, கொண்டோலா அடிவாரத்தை ஒட்டி நட்சத்திர வசதியோடு இருப்பது கைபர். அறை முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. ஹைலேண்ட்ஸ் பார்க் பழைய காலத்து விடுதி, மரக் குடில்கள், அறைக்குள் ‘புகாரி’ என்னும் விறகுக் கணப்படுப்பு. எனக்கு அந்த மாதிரி இடம் பிடிக்கும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குடில்களும் இருக்கின்றன, குடும்பமாகத் தங்க ஏற்றவை. காசு மிச்சமாகிறதே என்று தங்மார்க்கில் மட்டும் அறை போடாதீர்கள். பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் ராத்திரி பனி விழுந்திருந்தால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்காகக் காத்திருந்தே காலை வகுப்பு போய்விடும்.

எந்த விடுதியானாலும் பணம் கட்டுமுன் போனில் கேளுங்கள். ராத்திரி முழுக்க அறை சூடாக இருக்குமா, இல்லை பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களா? வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். விறகு அல்லது கேஸ் அடுப்பு எரிகிற அறையில் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள், தூங்குமுன் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். அடைத்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காஷ்மீரில் குளிர்காலந்தோறும் அது உயிர்களை வாங்குகிறது. குளிருக்குப் பழகாத நாம் ஒரு இடுக்கு விடாமல் அடைத்துக்கொள்கிற ஆட்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மாமியாரைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு. கடல்மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல் முதல் ராத்திரி ஸ்ரீநகரில் தங்குங்கள், அது சுமார் 1,600 மீட்டர்தான். கொண்டோலாவின் முதல் கட்டம் வரை, அதாவது 3,100 மீட்டர் அளவிலுள்ள கொங்டூரி வரை, டாக்டர் சரி என்றால் அவரும் வரலாம். இரண்டாம் கட்டம் வேண்டவே வேண்டாம். உறைந்த பாதையில் வழுக்காத அடிப்பகுதி உள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் அவருக்குக் கோட்டைவிட அவசியம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது அவர் கையில் இருக்கட்டும். ரசப்பொடியும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டால் அவருக்குச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட பிறகு, காஷ்மீர் என்றாலே வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது நியாயம்தான். கிளம்பும் வாரம் அரசின் அறிவிப்புகளைப் பாருங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும்படி விமானமும் அறையும் போடுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கஜகஸ்தானில் அல்மாட்டி இருக்கிறது. டெல்லியிலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று 2022-ல் அறிவித்தார்கள், டிக்கெட் போடுமுன் அது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்திலேயே தங்கலாம். பஸ்ஸில் மெடெயு போய் அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால் ஷிம்புலாக் சரிவு. புதியவர்களுக்குத் தனி இடமும் ஆசிரியர்களும் உண்டு. நீங்கள் மேலே பழகும் நேரத்தில் மாமியார் நகரத்தில் பேரப்பிள்ளைகள் கவலை இல்லாமல் இருக்கலாம். இந்திய மருத்துவ மாணவர்கள் நிறையப் படிக்கிற ஊர், நம் சாப்பாடு தேடினால் கிடைக்கும்.

உத்தராகண்டின் ஔலியையும் மணாலியையும் பற்றிச் சுருக்கமாக. ஔலியின் சரிவு அழகு, எதிரே நந்தாதேவி நிற்கும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரையே 250 கிலோமீட்டர் மலைப்பாதை, மாமியாரோடு அது கஷ்டம். பனியும் சில வருடம் ஏமாற்றிவிடுகிறது. மணாலிப் பக்கம் சோலாங்கில் சரிவு சின்னது, கூட்டம் பெரியது. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம், மணாலியில் அரசு மலையேற்ற நிறுவனம், குல்மார்க்கில் 1968 முதல் நடக்கும் மத்திய அரசின் பனிச்சறுக்கு நிறுவனம், இவையெல்லாம் தங்குமிடம், சாப்பாடு, பலகை, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பல நாள் வகுப்புகள் நடத்துகின்றன. இதைவிட மலிவாக, ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேறு வழியில்லை.

வெயிலில் வளர்ந்தவர்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். காப்பித் தோட்டக் குடகிலிருந்து போன பவானி, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கியிருக்கிறார். கட்டாயம் வரும். போவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே நான்கு பேரும் மாடிப்படி ஏறி இறங்குங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் நில்லுங்கள். தொடையில் பலம் இருந்தால் முழங்கால் தப்பிக்கும்.

புதியவர்கள் பாதிப் பேரைத் தோற்கடிப்பது குளிர் இல்லை, வாடகை பூட்ஸ்தான். கெட்டிப் பிளாஸ்டிக் கூடு, முன்னால் வரிசையாகக் கொக்கிகள். வலிக்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே கால் ஆடும், பலகை சொன்ன பேச்சுக் கேட்காது, சாயங்காலத்துக்குள் முன்னங்கால் எலும்பு கன்றிப்போகும். நீளமான ஒற்றை சாக்ஸ்தான் போட வேண்டும், குளிருக்குப் பயந்து இரண்டு போடக் கூடாது. உள் பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகக் கூடாது. நேராக நின்றால் விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. பலகையின் பிடி எவ்வளவு விசை வந்தால் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை உங்கள் எடையையும் வயதையும் பார்த்துத்தான் திருகி வைப்பார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள், கால் எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஜீன்ஸும் பருத்தி பனியனும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு டெக்கத்லானில் உள்ளாடையும் கையுறையும் வாங்குங்கள். பிள்ளைகளின் அளவில் ஹெல்மெட் அங்கே எப்போதும் கிடைக்காது, இங்கிருந்தே கொண்டுபோங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மாமியார் உட்பட எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

உங்கள் தம்பி சொல்வதும் ஒரு நாள் சரியாக வரும். சுவிஸ் கிராமங்களில் வெங்கன் மாதிரி ஒரு இடம் கிடைப்பது அரிது. ஊருக்குள் கார் கிடையாது, குழந்தைகள் பழகும் சரிவு ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் சீசனில் அங்கே பல விடுதிகள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்று முழு வாரக் கணக்கில்தான் அறை தருகின்றன. விசா, விமானம், லிப்ட் பாஸ், பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஐந்து பேருக்குப் பெரிய தொகை. பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா என்று தெரிவதற்கு முன்பே அவ்வளவு போட வேண்டியதில்லை. குல்மார்க்கில் திரும்பவும் நிற்கவும் பழகிவிட்டுப் போனால் அந்த வாரம் முழுவதையும் சறுக்கியே கழிக்கலாம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டு என்று அதை ஒதுக்கிவிடுகின்றன. நால்வரின் உயரம், எடை, ஷூ அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியருக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டால், முதல் காலை வாடகைக் கடை வரிசையில் போகாது. தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரத்துப் பனி எப்படி என்று சேர்ந்தே பார்ப்போம்.