மும்பை வெக்கையில் கிரீம் சீஸ் குக்கீ: வாசகர் கேள்விகள்

"வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று செய்முறையில் இருந்தபடியே செய்தேன். சாக்லேட் சிப் குக்கீ அப்பளமாகப் பரவிவிட்டது. ஏன்? (செம்பூர்)

அந்தச் செய்முறையை எழுதியவருடைய அறை வேறு, உங்கள் அறை வேறு. அவர் மனத்தில் இருப்பது சுமார் 20 டிகிரி. மே மாதத்துச் செம்பூர் சமையலறை 32 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் வெண்ணெய் குழைந்துபோகிறது; சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கும் தெம்பு அதற்கு இருக்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே இருந்தால் போதும்.

கிரீம் சீஸ் (ரொட்டியில் தடவும் மிருதுவான சீஸ்) சேர்க்கும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. கிரீம் சீஸில் பாதிக்குப் பாதி தண்ணீர். வெண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டு கிரீம் சீஸைப் போட்டால் கிடைப்பது குக்கீ அல்ல, சின்னச் சின்னக் கேக். என் அளவு இது: வெண்ணெய் 100 கிராம், கிரீம் சீஸ் 50, நாட்டுச்சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை 1, மைதா 200, சமையல் சோடா அரை டீஸ்பூன், சாக்லேட் 150. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பிசைந்த மாவை இரண்டு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுவதும் என்றால் உத்தமம். உருட்டும்போது உள்ளங்கையில் ஒட்டாமல் சில்லென்று இருந்தால், தட்டிலும் பரவாமல் நிற்கும்.

கிரீம் சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை. முட்டையும் சேர்ப்பதில்லை. வழி உண்டா? (மாட்டுங்கா)

நம் ஊர்ப் பால் கடைகளில் ஸ்ரீகண்ட் இனிப்புக்கென்று சக்கா (நீர் வடித்த கெட்டித் தயிர்) விற்கிறார்களே, அதை வாங்குங்கள். இனிப்புச் சேர்க்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய துணியில் முடிந்து, வடிகட்டியில் வைத்து, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் கீழே கிண்ணத்தில் தேங்கியிருக்கும் நீரைப் பார்த்தால், அது மாவுக்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது புரியும். கிரீம் சீஸைவிடக் கொழுப்பு குறைவு, புளிப்பு சற்றுத் தூக்கல். வெண்ணெயை 10 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால். எனக்கு இந்தச் சக்கா குக்கீ மிகவும் பிடிக்கும். அந்தப் புளிப்பு சாக்லேட்டோடு அவ்வளவு பொருந்துகிறது.

சாதாரண மைக்ரோவேவில் சுடலாமா? (காட்கோபர்)

வேண்டாம். நிறமும் வராது, மொறுமொறுப்பும் வராது. கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுழலவிட்டுச் சுடும்) வசதி இருந்தால் அல்லது ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) இருந்தால் மட்டும்.

பன்னிரண்டு நிமிடம் ஆகியும் நடுப்பகுதி வேகாததுபோல் தெரிகிறது. (முலுண்ட்)

அதுதான் எடுக்கவேண்டிய நேரம். 175 டிகிரியில் ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் ஈரமாகத் தெரியும்போதே தட்டை வெளியே எடுத்து, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

சாக்லேட் சிப்ஸ் மெழுகு மாதிரி வாயில் ஒட்டுகிறதே? (டோம்பிவிலி)

பாக்கெட்டில் "காம்பவுண்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். நல்ல டார்க் சாக்லேட் கட்டியை வாங்கி நறுக்கிப் போடுங்கள். 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரூத் வேக்ஃபீல்ட் இந்தக் குக்கீயைச் செய்தபோது, சாக்லேட் கட்டியை வெட்டித்தான் போட்டார்.

மழைக்காலத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (சயான்)

காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள்; பிறகு ஃப்ரிட்ஜ். அதைவிட நல்ல வழி, மாவை உருண்டைகளாகவே ஃப்ரீசரில் வைப்பது. இரண்டு மாதம் கெடாது. தேவைப்படும்போது ஆறு உருண்டைகளை எடுத்து, உருகவிடாமல் அப்படியே சுடுங்கள். இரண்டு நிமிடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.