திண்ணையில் அமர்ந்திருப்பவரும் பேசாமல் போன அக்காவும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்துவந்தார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததால் நான்கு மாதங்களாக வீட்டில் இருக்கிறார். நான் தக்காளி பறிக்கும் கூலிக்குப் போகிறேன். வாரத் தவணை கட்டும் குழுக்கள் இரண்டில் கடன் இருக்கிறது. நகை கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது. வைத்தியச் செலவுக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் மாதம் பத்து வட்டிக்கு ரூ. 50,000 வாங்கினோம், எதுவும் நிரப்பாத புரோநோட்டிலும் காசோலையிலும் கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் குழுக்காரர் இரவு எட்டரை மணிவரை எங்கள் திண்ணையை விட்டு எழவில்லை. “பாத்திரங்களைத் தூக்கிப் போவோம், உன் வீட்டுக்காரரை ஜெயிலில் வைப்போம்” என்றார். பக்கத்து வீட்டு அக்கா என் தவணையைத் தன் பணத்தில் கட்டி அவரை அனுப்பினார். அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. மூன்றாவதாக ஒரு குழுவில் சேர்ந்து, வரும் பணத்தில் இவற்றை அடைத்துவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது குழு வேண்டாம். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரப்படும் இத்தகைய கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிமுறைகள் வகுத்தது. ஒரு குடும்பம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஒருவருடைய கூலியில் ஓடும் உங்கள் வீட்டுக்கு இன்று மூன்றாவது கடன் கொடுக்க ஒருவர் முன்வந்தால், உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதித்தான் அவர் கொடுக்க முடியும். அந்தப் பொய்க்கும் கீழே உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும்.

சிறை பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். வாங்கிய கடனைக் கையில் பணமில்லாமல் கட்ட முடியாமற்போவது குற்றமாகாது. அது உரிமையியல் வழக்கு. பணமில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாத்திரங்களைப் பற்றிய மிரட்டலும் வெற்று மிரட்டலே. வழக்கு நடந்து தீர்ப்பாகி நீதிமன்றமே ஜப்தி செய்ய வந்தாலும், சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. நீதிமன்றத்தால் எடுக்க முடியாத அண்டாவை வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் எடுத்துச் செல்ல முடியாது.

அவர் எட்டரை மணிவரை உட்கார்ந்திருந்ததும் விதிமீறல்தான். குழுக் கடன் வசூலுக்காகக் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் தொல்லை தரக்கூடாது. மிரட்டவோ, இழிவாகப் பேசவோ, உறவினரையும் பழகியவர்களையும் தொந்தரவு செய்யவோ கூடாது. உங்களுக்குத் தந்திருக்கும் கடன் அட்டையிலேயே புகார் அதிகாரியின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அவருக்குத் தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றுடன் எழுத்தில் புகார் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

நான் உண்மையில் கவலைப்படுவது, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்தக் காசோலையைப் பற்றித்தான். மேலே சொன்ன பாதுகாப்புக்கு உள்ள பெரிய விலக்கு அது. காசோலை பணமில்லாமல் திரும்பி, அதற்கான அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் தொகையைக் கட்டாவிட்டால், அது குற்ற வழக்காக மாறிவிடும். பதிவுத் தபால் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவது நம் பக்கத்தில் பலருக்கு இருக்கும் பழக்கம். திருப்பி அனுப்பினாலும் அறிவிப்பு சேர்ந்ததாகவே நீதிமன்றம் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாங்குங்கள், அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதே சமயம் மாதம் பத்து வட்டி என்பது ஆண்டுக்கு 120 விழுக்காடு. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அதற்கு மூன்றாண்டுவரை சிறையும் ரூ. 30,000 வரை அபராதமும் உண்டு. அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் மட்டும் நீதிமன்றத்தில் செலுத்தவும் அச்சட்டம் வழி தருகிறது. இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனி, கையில் வரும் கூலியை யாருக்கு முதலில் கொடுப்பது என்பது. உலை வைத்து, கணவருக்கு மருந்து வாங்கியபின் மிஞ்சுவதில் முதல் பங்கு அந்த அக்காவுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. வட்டியும் பத்திரமும் இல்லாத கடன் அது. அவர் திண்ணையில் வந்து உட்காரவும் மாட்டார். அப்படிப்பட்டவரை நாம் கடைசியில் தள்ளுகிறோம். நூறோ இருநூறோ எடுத்துக்கொண்டு நீங்களே போய்க் கொடுங்கள். அடுத்தது நகை. வங்கி சத்தம் போடாது. ஏல அறிவிப்புக் கடிதம் மட்டும் ஒருநாள் வரும். உங்களிடம் இழப்பதற்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான். ஆகவே கெடு முடிவதற்குள் வட்டியையாவது கட்டி, அடகைப் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். குழுக்களுக்கு முழுத் தவணை கட்ட முடியாவிட்டாலும், முடிந்ததைக் கட்டி அட்டையில் வரவு வைக்கச் சொல்லுங்கள். வரவு எழுதாமல் ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தந்தை மாந்தோப்புக் குத்தகை எடுத்து நட்டப்பட்ட ஒரு வருடம் நினைவுக்கு வருகிறது. கடன்காரரின் புல்லட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவர் கொல்லைப்புறமாகப் போய்விடுவார். அம்மா சில வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடன்காரர் வீட்டுக்கே நடந்தார். “இந்த மாதம் இருநூறு, மார்கழிக்குள் ஐந்நூறு, நீங்களே இதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்றார். அந்த மனிதர் முனகிக்கொண்டேதான் எழுதினார். ஆனால் அதன் பிறகு எங்கள் தெருவில் அந்தப் புல்லட் சத்தம் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கேட்டதில்லை. கேட்டு வருகிறவரிடம் பேசுவதைவிட அவர் வருமுன் போய்ப் பேசுவது எளிது என்பதை அன்று பார்த்தேன். உங்கள் குழு மேலாளரிடமும் அப்படிப் போகலாம்; மருத்துவச் சீட்டை உடன் கொண்டுபோய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். மறுக்கவும் செய்வார்கள். கேட்டதற்கு எழுத்துச் சான்று இருப்பதே பின்னால் உதவும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீங்கள் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அனைவரும் கடிதத்தில் வருகிறார்கள். உங்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒருவரைக் காணோம். வேலையின்போது விழுந்து கால் முறிந்த தொழிலாளிக்கு, அவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்ததாரர் இழப்பீடு தரச் சட்டப்படி கடமைப்பட்டவர். இதற்காக நீங்கள் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய, தொழிலாளர் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. முதலில் சேர்த்த மருத்துவமனையின் சீட்டு, மேஸ்திரியின் கைப்பேசி எண், அன்று உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கணவரிடம் இன்றே கேட்டு எழுதி வைத்து, தருமபுரிக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.